வெயிலடித்த நாளில் கிளம்பிய ஊர்

வெண்ணாவல் ஏரியின் தென்கரையில், நாணல்பேட்டையில், ஒரு டீச்சர் இருந்தாள். பெயர் சுபாஷினி. வயது இருபத்து நான்கு. எந்தப் பள்ளியிலும் அவளுக்கு வேலை இல்லை. டவுன் கல்லூரியில் புவியியல் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பியவள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏலம் முடிந்ததும் மீன் ஏலக் கொட்டகையைக் கழுவிவிட்டு அங்கே வகுப்பு நடத்தினாள். முதலில் ஊர் கேலியாகத்தான் டீச்சர் என்று கூப்பிட்டது. பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

ஏரியைச் சுற்றியிருந்த ஊர்களிலிருந்து பையன்களும் பெண்களும் வந்தார்கள். மழை ஏன் முன்னைப்போல இல்லை, ஏரி ஏன் ஒரு வருஷம் வெடித்துக் கிடந்து மறுவருஷம் வீட்டுக்குள் வருகிறது என்று படித்தார்கள். தண்ணீர் பாட்டிலின் கழுத்தை அறுத்து, அதில் கோடு போட்டு மழை அளந்தார்கள்.

ஒரு ஞாயிறு வைத்தியலிங்கம் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அவர் இரண்டு முறை பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவர். பதவி போய் வெகு நாளாகியும் ஊருக்கு அவர்தான் தலைவர். படகோட்டிப் பிழைத்த குடும்பம். அறுபதை நெருங்கும் வயது.

“உட்காருங்க” என்றாள் டீச்சர், நின்றவர்களைப் பார்த்து. “தலைவரும் படிக்கத்தான் வந்திருக்காரு.”

அவர் ஏன் வந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

போன கார்த்திகையில் விடாமல் மழை பெய்தது. ஏரி ஏறிக்கொண்டே வந்தது. மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடலாமா என்று ஊரார் தலைவரைக் கேட்டார்கள். “நான் பார்க்காத மழையா? ஏரி நம்ம தெருவுக்கு ஏறாது. போய்ப் படுங்க” என்றார் அவர். ஊர் போய்ப் படுத்தது. விடிவதற்குள் தண்ணீர் இடுப்பளவுக்கு வந்துவிட்டது. ஆடுகள் கட்டின இடத்திலேயே செத்தன. பிரசவித்துச் சில நாளே ஆன ராஜகிளியின் குழந்தையைச் சோற்று அண்டாவில் கிடத்தி இழுத்துக்கொண்டு போனார்கள். குழந்தை பிழைத்தது. யாரும் தலைவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

வகுப்பு கலைந்ததும் அவர் டீச்சரிடம் வந்தார்.

“நாற்பது வருஷமா இந்த ஏரியில கிடந்தவன் நான். எனக்கு எப்படிம்மா தெரியாமப் போச்சு?”

டீச்சர் கரையில் கிடந்த படகைக் காட்டினாள்.

“ஐயா, கண்ணை மூடிக்கிட்டு வடகரைக்குப் படகு விட முடியுமா உங்களால?”

“இந்த ஏரியிலயா? தூக்கத்துல விடுவேன்.”

அவர் தோள்துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டார். டீச்சர் முன்பக்கம் ஏறி உட்கார்ந்தாள். வெள்ளத்துக்குப் பிறகு முதல்முறையாக அவர் துடுப்பைப் போட்டார். காற்றை முகத்தில் வாங்கித் திசை பிடித்தார். நாணல் உரசும் சத்தம் எங்கே நிற்கும், தண்ணீர் எங்கே குளிரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. படகு நேராகப் போயிற்று.

பாதி ஏரியில் படகு சட்டென்று முட்டி நின்றது. அவர் குப்புற விழப் பார்த்தார். துண்டை இழுத்தார். முன்னால் முழங்கால் ஆழத்தில் வண்டல் மேடு ஒன்று நீண்டு கிடந்தது.

“இது இங்க கிடையாதே” என்றார் அவர்.

“போன வெள்ளம் கொண்டு வந்து போட்டது.”

“நான் பிடிச்ச வழி சரியான வழிதாம்மா.”

“சரியான வழிதான் ஐயா. வேற ஏரி.”

அவர் இறங்கிப் படகைத் தள்ளினார். படகைக் கரைக்குத் திருப்பினார்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். பையன்களைவிட அதிகமாகக் கேள்வி கேட்டார்.

“மழை ஏன் மொத்தமா கொட்டுது?”

“காத்து சூடாகுது ஐயா. சூடான காத்து பெரிய குடம் மாதிரி. நிறைய மொள்ளும். கொட்டினா மொத்தத்தையும் கொட்டும்.”

“யாரு சூடாக்கினது?”

“கரண்டுக்கு எரிக்கிற நிலக்கரி. மில்லு. காரு, லாரி. உலகம் பூரா.”

“அதுல நம்ம நாணல்பேட்டை எரிச்சது எவ்வளவு?”

“சொல்லிக்கிற அளவுக்குக் கூட இல்ல.”

“அப்போ நாம எதுக்கு முழுகணும்?”

 டீச்சர் சற்று யோசித்தாள்.

“நியாயமான கேள்வி. அதைக் கலெக்டர் ஆபீஸ்ல கேட்போம். அதுக்கு மேலயும் போய்க் கேட்போம். மழைகிட்ட கேட்க முடியாது.”

வெயில் காலம் முழுக்க அவர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஏரிக்குத் தண்ணீர் வரும் ஆறு மலையடிவாரத்தில் கல்லாத்தூரைத் தாண்டி வருகிறது. அங்கேயும் வகுப்புக்கு வரும் ஒரு பெண் இருந்தாள். அவள் வீட்டு மாடியில் ஒரு பாட்டில். அதில் ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்கு மேல் மழை விழுந்தால் அவள் போன் செய்வாள். போன் வந்தால் நாணல்பேட்டை தன் தலைக்கு மேலே இருக்கும் வானத்தைப் பார்க்காமல் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். யார் யார் எந்தத் தெருவுக்கு, கிழவர்களை யார் தூக்குவது, ஆடுகளை யார் ஓட்டுவது எல்லாம் முடிவாயிற்று. ஊரை நடத்திக்கொண்டு போகும் பொறுப்பைத் தினேஷ் என்ற பையன் ஏற்றான். ஐடிஐ முடித்தவன். பத்தொன்பது வயது.

ஊர் மட்டும் அசையவில்லை. பிள்ளைகளின் விளையாட்டு என்று சொல்லிவிட்டுப் போனது.

வைத்தியலிங்கம் டீச்சரிடம் சொன்னார். “இதை நான் சொல்றேன் ஊர்ல. என் பேச்சைக் கேட்பாங்க.”

“வேண்டாம் ஐயா.”

“ஏன்?”

“போன வருஷமும் கேட்டாங்க.”

அவர் முகம் கறுத்துவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

தினேஷுக்குச் சங்கடமாக இருந்தது. “அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் டீச்சர்.”

“பொய்யா சொன்னேன்?”

“இல்ல. ஆனா அவர் இனிமே வரமாட்டார்.”

“வருவார்” என்றாள் டீச்சர்.

மூன்றாம் ஞாயிறு வந்தார். உட்காரவில்லை.

“கோபத்துல போனேன். வீட்டுல உட்கார்ந்து யோசிச்சேன். நீ சொன்னதுல தப்பு இல்ல. நான் சொல்லி ஊர் கிளம்பினா, நான் வேண்டாம்னா ஊர் நின்னுடும். சரி, நான் பேசக் கூடாது. அப்போ என்ன செய்யட்டும்?”

“கேளுங்க.”

“யாரை?”

“எங்களை. ஊருக்கு முன்னாடி. உங்களுக்கு என்னென்ன சந்தேகம் இருக்கோ அத்தனையும். எங்களுக்காக ஒண்ணையும் குறைச்சுக்காதீங்க.”

ஊர்க்கூட்டம் கோயில் முன்னால் நடந்தது. தினேஷ் எழுந்து நின்றான். தலைவர் தரையில், ஆட்களோடு ஆளாக உட்கார்ந்திருந்தார்.

“கல்லாத்தூர்ல விழுந்த மழை நம்ம தெருவுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?”

“காலையில விழுந்தா சாயங்காலம். ஏரி ஏற்கெனவே நிறைஞ்சிருந்தா அதுக்கும் முன்னால.”

“மிச்சத் தண்ணி கலங்கல் வழியா வெளிய போயிடாதா?”

“கொஞ்சம் போகும். வர்ற வேகத்துக்கு அது பத்தாது. போன வருஷம் பத்தலை.”

“படுத்த படுக்கையா இருக்கிற ஆளுங்க?”

தினேஷ் பெயர் பெயராகச் சொன்னான். யாரை யார் தூக்குவது என்றும் சொன்னான்.

“நீ போன் வந்துதுன்னு சொல்ற. போன் டவரே விழுந்துட்டா?”

தினேஷ் வாயைத் திறந்தான். டீச்சரைப் பார்த்தான். அவள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியலை தலைவரே” என்றான். “அதை நாங்க யோசிக்கவே இல்ல. யோசிச்சுட்டு வந்து சொல்றோம்.”

கூட்டம் சலசலத்தது. அந்த இடத்தில் நின்று தெரியவில்லை என்று ஒருவன் சொல்லி அவர்கள் கேட்டதில்லை. பின்னாலிருந்து ராஜகிளி கேட்டாள். “பால் குடிக்கிற பிள்ளை வச்சிருக்கேன். அங்க எனக்கு ஒரு மறைப்பு இருக்குமா?” அதற்கு வகுப்புக்கு வரும் பெண் ஒருத்தி பதில் சொன்னாள். பிறகு ஆடு வளர்க்கும் மாரிமுத்து கேட்டான். ஆட்டுக்கு இடம் உண்டா என்று. வெகு நேரம் கூட்டம் கலையவில்லை.

சில நாளில் பதில் கொண்டுவந்தார்கள். போன் இல்லாவிட்டால் கல்லாத்தூரிலிருந்து பைக் வரும். இடையில் இருக்கும் ஊர்கள் கோயில் மணியை அடிக்கும்.

ஐப்பசி பிறந்தது. ஏரி நிறைந்து நின்றது.

ஒரு காலை நாணல்பேட்டையில் பளீரென்று வெயில் அடித்தது. மேகம் ஒரு துணுக்கு இல்லை. வலைகள் கரையில் காய்ந்தன. அப்போது தினேஷின் போன் அடித்தது.

“சிவப்புக் கோடு தாண்டிடுச்சு. இன்னும் கொட்டுது. எதிர்வீடு தெரியலை.” கல்லாத்தூர்ப் பெண்ணின் குரல் மழைச் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

தினேஷ் விசில் ஊதிக்கொண்டு தெருத்தெருவாக ஓடினான். மற்றவர்களும் ஓடினார்கள். ஜனங்கள் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். “இந்த வெயில்லயா?” கிளம்பியவர்களும் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் தலைவர் வீட்டுப் பக்கம் திரும்பினார்கள்.

வைத்தியலிங்கம் வாசலில் நின்றிருந்தார். காற்றைப் பார்த்தார். கொக்குகள் நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தன. நாற்பது வருஷம் அவர் உடம்பில் ஊறிய ஒவ்வொன்றும் தண்ணீர் வராது என்றுதான் சொன்னது. போன வருஷம் சொன்னதைப் போலவே சொன்னது.

டீச்சர் மதகடியில் நின்று தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போன் செய்தார்.

“டீச்சர், எனக்கு நம்பிக்கை வரமாட்டேங்குது.”

“எதுல ஐயா?”

“தண்ணி வரும்னு.”

“நம்பிக்கை வரவேண்டாம். நீங்க நடங்க.”

“நம்பாமலா?”

“நம்பிக்கை வர்றதுக்குள்ள தண்ணி வந்துடும்.”

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டார். உள்ளே போனார். ஊர் காத்திருந்தது, அவர் வெளியே வந்து என்ன சொல்லப்போகிறார் என்று.

வெளியே வந்தவர் தோளில் சுருட்டிய பாய் இருந்தது. கையில் அரிசிப் பை. மனைவி பின்னால் மண்ணெண்ணெய் அடுப்போடு வந்தாள். அவர் யாரையும் பார்க்கவில்லை. ஒரு சொல்லும் சொல்லவில்லை. தெரு முனையில் விசிலோடு நின்றிருந்த தினேஷிடம் போனார்.

“எந்தப் பக்கம் தம்பி போகணும்?”

அவருக்கு வழி தெரியாதா? அந்தப் பள்ளிக்கூடத்தைக் கட்டியதே அவர் தலைவராக இருந்தபோதுதான். தினேஷ் வாயிலிருந்து விசிலை எடுத்தான். பிறகு நிமிர்ந்து நின்றான்.

“இடது பக்கம் தலைவரே. மேட்டு ரோடு. என் பின்னால வாங்க.”

பையன் முன்னால் நடந்தான். தலைவர் பின்னால் நடந்தார். ராஜகிளி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சேர்ந்தாள். மாரிமுத்து ஆடுகளை அவிழ்த்துவிட்டான். சிரித்துக்கொண்டிருந்தவர்களும் வீட்டைப் பூட்டினார்கள். வெயிலில் வியர்த்துக்கொண்டே ஊர் மொத்தமும் மேடேறியது.

மத்தியானம்வரை ஏரி அசையவில்லை. பள்ளிக்கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. சமைக்க வைத்த மீன் வீணாகிறது என்றார் ஒருவர். தினேஷ் வாசலை மறித்து நின்றான். “யாரும் இப்ப இறங்கக் கூடாது.”

பொழுது சாய்வதற்கு முன்னால் ஏரியின் நிறம் மாறியது. செம்மண் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. மேட்டிலிருந்து எல்லோரும் பார்த்தார்கள். அது முதலில் வலைகள் காய்ந்த இடத்தை எடுத்தது. பிறகு தெருவுக்குள் நுழைந்தது. வாசல்கள் மறைந்தன. போன வருஷத்தைவிட உயரமாக ஏறியது. அப்போதும் நாணல்பேட்டையில் ஒரு சொட்டு மழை விழவில்லை.

தினேஷ் மறுபடியும் தலைகளை எண்ணினான். டீச்சரைத் தவிர ஒருவரும் குறையவில்லை.

மதகிலிருந்து டீச்சர் சேறும் ஈரமுமாக வந்து சேர்ந்தாள். யாரோ அவளுக்குச் சுடச்சுடக் கஞ்சி கொடுத்தார்கள். குடித்துக்கொண்டே தடுப்புச் சுவரில் உட்கார்ந்தாள். வைத்தியலிங்கம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கீழே கூரைகளுக்கு நடுவே தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது.

“ஒண்ணு கேட்கணும்” என்றார்.

“கேளுங்க ஐயா.”

“பாயைத் தூக்கினேனே தவிர, மேடேறி முடிக்கிறவரைக்கும் இது வீண் வேலைன்னுதான் நினைச்சேன். தண்ணி வந்துச்சு, மானம் பிழைச்சுது. வராமப் போயிருந்தா?”

“சாயங்காலம் இறங்கி வீட்டுக்குப் போயிருப்போம். அடுத்த தடவை போன் வந்தா திரும்ப ஏறியிருப்போம்.”

“ஊர் சிரிச்சிருக்குமே. என்னையும், உன்னையும், அந்தப் பையனையும் பார்த்து.”

டீச்சர் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“சிரிக்கட்டுமே ஐயா. சிரிக்க எல்லாரும் இருப்பாங்களே.”