கடம்பந்தோப்புக்கு ஒரு கல்

கட கட கட கட...

விடிகாலைப் பனியில் ஏரி தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. ஆயிரம் பேர் கூடி நின்று மூங்கில் குச்சிகளைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். நீர்க்காகம் முங்கிக்கு வழி காட்ட அது போதும். தொண்டை நிறைய மீனோடு சத்தத்தைப் பிடித்துக்கொண்டே பறந்தாள். கொஞ்ச தூரத்தில் வாடை வந்தது. அதற்கும் பிறகுதான் தோப்பு தெரிந்தது.

ஏரியின் நடுவே தண்ணீருக்குள் நிற்கும் கடம்ப மரங்கள் அவை. ஒரு கிளையில் எட்டுக் கூடு, ஒரு மரத்தில் அறுபது கூடு என்று மொத்தம் மூவாயிரம் கூடுகள். நாரைகள் அலகைத் தட்டித்தான் பேசும். அதுதான் அந்தக் கட கட. ஒரு வீட்டுக் குஞ்சு கொட்டாவி விட்டால் பக்கத்து வீட்டுக் குஞ்சின் கண்ணில் இடிக்கும். முங்கிக்கு மேல்வீட்டில் ஒரு கூழைக்கடா அம்மாள். கீழ்வீட்டில் ஒரு நத்தைக்குத்தி நாரை. மேல்வீட்டில் சிந்தியது முங்கியின் தலையில் விழும். முங்கி வீட்டில் சிந்தியது நாரையின் தலையில் விழும். நாரைக்குக் கீழே தண்ணீர் இருந்ததால் சண்டை அதோடு நிற்கும்.

இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மரத்தடியில் தண்ணீர் வற்றிக்கொண்டே வந்தது. முந்தாநாள் ஓரத்து மரத்தில் இரண்டு கூடுகள் காலியாகக் கிடந்தன. கீழே சேற்றில் நாலுகால் தடம்.

முங்கிக்கு மூன்று குஞ்சுகள். இன்னும் பதினைந்து நாள் போனால் பறந்துவிடும். அதுவரைக்கும் மரத்தடியில் தண்ணீர் வேண்டும். தண்ணீர் இருந்தால்தான் நரி வராது.

குஞ்சுகளுக்கு மீனைக் கொடுத்துவிட்டு, சரிந்திருந்த கூட்டு விளிம்பைச் சரிசெய்ய ஒரு சுள்ளியை எடுத்தாள். அப்போது எதிர்க்கரையில் ஏரிப் பேரவை வந்து நின்றது. தலைவர் ஆமையார், செயலாளர் மயிலார், உறுப்பினர்கள் நீர்நாயும் நரியும். ஏரி முழுவதையும் நல்வழிப்படுத்துவதற்காக இவர்கள் பதினேழு உறுதிகள் எடுத்திருந்தார்கள். எந்த உயிருக்கும் பசி கூடாது. எல்லோருக்கும் தண்ணீர். எல்லோருக்கும் பத்திரமான வீடு. இப்படிப் பதினேழு! மயிலார் அவற்றை ராகம் போட்டுப் பாடுவார். வருஷத்துக்கு ஒருமுறை எல்லா இடத்தையும் நேரில் போய்ப் பார்ப்பார்கள்.

"ஐயையோ, என்ன சத்தம்!" என்றார் மயிலார்.

"என்ன நாற்றம்!" என்றார் ஆமையார், தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டே.

"இங்கிருந்தே நல்லாத் தெரியுதே! எதுக்குக் கிட்டே போய் அவங்களைத் தொந்தரவு பண்ணணும்?" என்றது நரி.

போன வருஷமும் இப்படித்தான். 'தோப்புவாசிகள் உற்சாகமாக உள்ளனர். சத்தத்தில் இருந்து அறிந்தோம்' என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

முங்கி சுள்ளியைக் கீழே வைத்துவிட்டு அவர்கள் பின்னாலேயே பறந்தாள்.

கூட்டம் தாமரைக்கரையில் நடந்தது. அழகான இடம். அங்கே குடியிருப்பது மயிலார் ஒருவர்தான். தண்ணீரில் தெரிகிற அவருடைய நிழலையும் சேர்த்தால் இருவர்.

காட்டுப்பன்றி ஒன்று தன் கூட்டத்தோடு காத்திருந்தது. "மடைப்பள்ளத்துல இன்னும் தண்ணி இருக்குது. அங்கேயிருந்து ஒரே ஒரு வாய்க்கா தோண்டலாம். சேறு இறுகிட்டா எங்க மூக்கு போகாது. நாளன்னிக்கிச் சாயங்காலம் வரைக்கும்தான் நேரம். எங்கே தோண்டணும்? அதை மட்டும் சொல்லுங்க."

"தோப்புக்கு!" என்றாள் முங்கி.

"அவசரப்படாதேம்மா," என்றார் ஆமையார். "முறை என்று ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு கரை, ஒரு தோப்பு. ஆகப் பதின்மூன்று இடம். இடத்துக்கு ஒரு கல். எந்தப் பக்கம் கல் அதிகமோ அந்தப் பக்கம் வாய்க்கால்."

"ஐயா, தோப்பில் மூவாயிரம் குடும்பம் இருக்கிறதே?"

"இருக்கட்டுமே. இடம் ஒன்றுதானே!"

மயிலார் தொண்டையைச் செருமினார். "தாமரை வாடினால் ஏரியின் பெயரே கெட்டுவிடும். நாலு பேர் பார்க்கிற கரையை முதலில் கவனிப்போம். தோப்பு எங்கே போகப்போகிறது? கூட்டம், குப்பை, கூச்சல், எல்லாத் தொல்லையும் அங்கேயிருந்துதான் வருகிறது. முதலில் ஏரியைத் திருத்துவோம். பிறகு தோப்பைப் பார்ப்போம்."

"ஏரியில் இருக்கிறவங்க எல்லாம் தோப்பிலதானே இருக்காங்க! அப்புறம் யாரைத் திருத்துவீங்க?"

நீர்நாய் மெதுவாக இருமியது. ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. சொல்லவில்லை.

நரி எழுந்தது. அதன் வாயில் நான்கு கற்கள் இருந்தன. அவற்றைப் பணிவாகக் கீழே வைத்தது.

"நாலு கல்லா? அது எப்படி?" என்றாள் முங்கி.

"நாலு கரையில யாருமே இல்லை, தங்கச்சி. ஆளில்லாத கரைக்காகவும் ஒருத்தர் பேசணும் இல்லையா? மனசு கேட்கலை. நானே எடுத்துக்கிட்டேன்." நரியின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "ஓரத்து மரத்துக் குஞ்சுகளை நினைச்சா இன்னும் தொண்டையை அடைக்குது. ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்கே! எல்லாக் கரையும் சமம். என் நாலு கல்லும் தாமரைக்கரைக்குத்தான்!"

கற்கள் விழுந்தன. தாமரைக்கரைக்குப் பன்னிரண்டு. தோப்புக்கு ஒன்று.

"எல்லோருக்கும் தண்ணீர் என்ற ஆறாவது உறுதி நிறைவேறியது!" என்று மயிலார் தோகையை விரித்தார். "பன்றியாரே, நாளை மறுநாள் காலை நல்ல நேரம். அப்போது தொடங்குங்கள்."

முங்கி வீட்டுக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னாள். தோப்பே கொந்தளித்தது. நத்தைக்குத்தி நாரை அலகைத் தட்டோ தட்டென்று தட்டினாள். கூழைக்கடா அம்மாளுக்குக் கோபம் வந்தால் பை குலுங்கும். குலுங்கியது. வழக்கம்போல முங்கியின் தலையில் ஏதோ விழுந்தது.

"நல்லா இருக்குடீ நியாயம்!" என்றாள் கூழைக்கடா அம்மாள். " ஒருத்தர் முதுகுல ஒருத்தர் உட்கார்ந்து குடும்பம் நடத்துறோம். நாம இப்படி ஒடுங்கிக் கிடக்கிறதாலதான் மத்த கரையெல்லாம் காத்தோட்டமாக் கெடக்கு. நமக்குத்தான் கெட்ட பேரு!"

முங்கி தலையைத் துடைப்பதை நிறுத்தினாள்.

"அக்கா, அதை இன்னொரு தடவை சொல்லுங்க."

"எதை? கெட்ட பேரையா?"

"அதுக்கு முன்னாடி சொன்னதை."

மறுநாள் காலை ஆமையார் தன் பாறைக்கு வெயில் காயப் போனார். பாறையைக் காணவில்லை. பாறை இருந்த இடத்தில் இருநூற்று ஐம்பது நாரைகள் நின்றன.

"வாங்க ஐயா, வாங்க!" என்றாள் நத்தைக்குத்தி. "கொஞ்சம் தள்ளி நில்லுங்கடீ, ஐயா எங்கேயாவது ஓரமா ஏறிக்கட்டும்!"

"இது... இது என் பாறை!"

"எல்லாக் கரையும் சமம்னு நேத்து முடிவாச்சே ஐயா. கூட்டுக்கு ஒருத்தர் குஞ்சுகளுக்குக் காவல். இன்னொருத்தர் கரைக்கு வந்துட்டோம். கரைக்கு இருநூற்று ஐம்பது பேர். சரியாப் பிரிச்சிருக்கோம், பயப்படாதீங்க. ஒரு கரைக்கும் குறை வைக்கலை!"

ஆமையார் ஓட்டுக்குள் போனார். ஓட்டின் மேல் இரண்டு பேர் ஏறிக்கொண்டார்கள்.

நீர்நாயின் கோரைப்புல் மெத்தையில் கொக்குகள். நரியின் வளையின் மேல் நீர்க்காகங்கள் வரிசையாக இறக்கையை விரித்துக் காயவைத்தன. உள்ளே ஒரு துளி வெளிச்சம் இல்லை. தாமரைக்கரையில் கூழைக்கடா அம்மாளின் வகையறாவும் நாரைகளும். தாமரை இலை ஒவ்வொன்றும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தது.

மயிலார் மரக்கிளையில் நின்று உறுதிகளைப் பாட ஆரம்பித்தார். "முதலாவது, எந்த உயிருக்கும்..."

கட கட கட!

"எந்த உயிருக்கும் பசி..."

கட கட கட கட!

மேலே இருந்து எதுவோ விழுந்தது. மயிலார் மெல்லத் திரும்பித் தன் தோகையைப் பார்த்தார். பிறகு வெகுநேரம் வேறெதையும் பார்க்கவில்லை.

மத்தியானத்துக்குள் பேரவை அவசரமாகக் கூடியது. கூட இடம் இல்லை. கடைசியில் நடுவழியில், காய்ந்த சேற்றில் நின்றுகொண்டே பேசினார்கள். முங்கியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"என்னம்மா இது அநியாயம்? ஏரியே நிரம்பிவிட்டதே!" என்றார் ஆமையார்.

"நாங்க புதுசா யாரும் வரலை ஐயா. இத்தனை நாளும் இதே ஏரியிலதான் இருந்தோம். எங்கள்ல பாதிப் பேர் இன்னும் கூட்டுலதான் இருக்காங்க. ஒரு கூப்பிடு தூரத்துத் தோப்புக்குள்ள நாங்க அடங்கி இருந்ததால நீங்க பார்க்கலை."

"திரும்பிப் போய்விடுங்கள்!" மயிலாரின் குரல் உடைந்திருந்தது. "தயவுசெய்து!"

"எப்படிப் போறது? தண்ணி இல்லாத தோப்பு நாலு நாள்ல காலியாயிடும். பிழைச்சவங்க எல்லாம் இங்கேதான் வந்தாகணும். இன்னிக்கு வந்தது சும்மா இடம் பார்க்க."

அப்போது நீர்நாய் முன்னால் வந்தது. இந்தத் தடவை இருமவில்லை.

"ஒண்ணு சொல்லணும். நான் திங்கிற மீன் அத்தனையும் தோப்பு நிழல்லதான் பெருகுது. அவங்க எச்சம் விழுற தண்ணியிலதான் குஞ்சு மீனுக்கு இரை. அது வத்தினா எனக்கும் பட்டினிதான். நேத்தே சொல்லியிருப்பேன். நாத்தத்துலேருந்து சோறு வருதுன்னு சபையில சொன்னா நல்லா இருக்காதேன்னு விட்டுட்டேன்."

"சொல்லியிருக்கலாமே!" என்றார் ஆமையார்.

"நீங்க கேட்டிருக்கலாமே!" என்றது நீர்நாய்.

ஆமையார் பெருமூச்சு விட்டார். "இனிமேல் இடத்துக்கு ஒரு கல் இல்லை. கூட்டுக்கு ஒரு கல்."

"அவ்வளவு கல்லுக்கு நாம எங்கே போறது?" என்று பதறியது நரி. "அவசரமா முடிவெடுக்காதீங்க! ஒரு குழு போட்டு, நல்லா விசாரிச்சு, அடுத்த மழைக்குள்ள..."

"எங்கே தோண்டணும்?" என்றது காட்டுப்பன்றி. "அதை மட்டும் சொல்லுங்க."

"தோப்புக்கு!" என்று நரியைத் தவிர மற்ற நான்கு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அதில் மயிலாரின் குரல்தான் உரக்கக் கேட்டது.

பன்றிகள் அப்போதே இறங்கின. அன்று சாயங்காலம் வரை தோண்டின. மறுநாள் காலையிலிருந்து மறுபடியும் தோண்டின. சேறு இறுகிக்கொண்டே வந்தது. மூக்கு தேய்ந்து ரத்தம் வந்தது. முங்கி கூட்டின் மேல் நின்று வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் சாயும் நேரம். வாய்க்கால் தோப்பைத் தொட இன்னும் பத்தடி இருந்தது. மறுபக்கத்துச் சேற்றில் நரி வந்துகொண்டிருந்தது. அவசரமே படவில்லை. ஓரத்து மரத்தைத் தாண்டியது. அடுத்த மரத்தையும் தாண்டியது. முங்கியின் மரத்தடியில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தது. தாழ்ந்த கிளையில் நத்தைக்குத்தியின் குஞ்சுகள் கத்தின. முங்கி தன் மூன்றையும் இறக்கைக்குள் இழுத்துக்கொண்டாள்.

நரி முன்னங்காலை மரத்தில் வைத்தது.

சளப்!

பன்றிகள் கடைசிச் சேற்றையும் பெயர்த்துவிட்டன. தண்ணீர் வந்துவிட்டது. முதலில் ஒரு நாக்கு மாதிரிதான் வந்தது. பிறகு கலங்கலாக, நுரையோடு, மரத்தடி முழுக்கப் பாய்ந்தது. நரியின் கணுக்கால் நனைந்தது. முழங்கால் நனைந்தது.

"என்ன அண்ணே, இந்தப் பக்கம்?" என்று மேலேயிருந்து கேட்டாள் கூழைக்கடா அம்மாள்.

"ஆய்வுக்கு வந்தேன்!" என்றது நரி. "எல்லாம் சிறப்பா இருக்கு!"

சொல்லிவிட்டு வாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரையைப் பார்த்து ஓடியது. தோப்பே அலகைத் தட்டி வழியனுப்பியது.

கரையில் இருந்தவர்கள் எல்லோரும் அன்றைக்கே வீடு திரும்பினார்கள். ஓரத்து மரத்து இரண்டு கூடுகளுக்கு மட்டும் யாரும் திரும்பவில்லை. அந்தப் பக்கம் போகும்போது நாரைகள் அலகைத் தட்டாமல் போயின.

மறுநாள் பேரவை முதல்முறையாகத் தோப்புக்கு நேர் எதிரே கூடியது. ஆளுக்கு ஒரு தாமரை இலையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "பதினேழையும் இங்கேயிருந்தே தொடங்குவோம்," என்றார் ஆமையார். மயிலார் பாட ஆரம்பித்தார். பாதிதான் கேட்டது. கேட்காத பாதியைக் குஞ்சுகள் தங்கள் பசிக் கத்தலால் நிரப்பின.

எத்தனை பெரிய உலகத்துக்காகத் திட்டம் போட்டாலும், உயிர்கள் நெருங்கி வாழும் ஊரை அதன் நடுவில் வைக்காவிட்டால் அந்தத் திட்டம் ஒருவரையும் சென்று சேராது.

முங்கி அந்தப் பாட்டை முழுதும் கேட்கவில்லை. கூட்டு விளிம்பு இன்னும் சரிந்தே இருந்தது. ஒரு சுள்ளியை எடுத்து, இடம் பார்த்து, உள்ளே செருகினாள்.