வரிசைக் கடைசியில் ஈ வாயை மூடிக்கொண்ட கதை

எழுத்துகளுக்குக் கையும் காலும் வாயும் இருந்த காலம் அது. இங்கிலீஷ் எழுத்துகள் இருபத்தாறு பேரும் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரே ஊரில் குடியிருந்தார்கள். சொல் கட்டிக் கொடுப்பதுதான் அவர்களுக்குத் தொழில். யாராவது வந்து ஒரு சொல் வேண்டும் என்று கேட்டால், அதற்கு வேண்டியவர்கள் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருவரும் தன் குரலைக் கொடுப்பார். சொல் ரெடி. மூன்று பேர் வரிசையும் உண்டு, ஒன்பது பேர் வரிசையும் உண்டு. ஆனால் ஊரில் கிராக்கி ஐந்து பேர் வரிசைக்குத்தான், அதுவும் கடைசியில் ஈ நிற்கிற வரிசைக்கு.

ஈ என்றதும் பலகாரத்தில் மொய்க்கிற ஈயை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஏ, பி, சி, டி என்று சொல்லிக்கொண்டே போனால் அடுத்து நிற்பானே, அவன். அவனுக்குக் கணீரென்ற குரல். வரிசைக் கடைசியில் அவன் வாயைத் திறந்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அதனால் ஆளாளுக்கு அவனையே கடைசியில் நிறுத்தினார்கள். நிறுத்த நிறுத்த அவனுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

அவனுடைய அண்ணன்தான் ஏ. அப்பா அம்மா இல்லாத தம்பியை அடுப்பில் வெந்து வளர்த்தவன். சொல் வரிசையில் நிற்கிற நேரம் போக, விசேஷ வீடுகளில் சமையலுக்குப் போவான். அக்கா ஓ பரிமாறப் போவாள்.

அந்த ஊர்ப் பந்தியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு வரிசைக்கு ஐந்து இலை. பிந்தி வருகிறவர் யாராக இருந்தாலும் கடைசி இலைக்காரர் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால்தான் உட்காரலாம். கூப்பிடாவிட்டால் அந்த வீட்டில் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு கிடையாது. இங்கிலீஷ் எழுத்துக்கு ஏது ஐயா வாழை இலை என்று கேட்பீர்கள். கேளுங்கள், கதை முடிந்த பிறகு கேளுங்கள்.

ஒரு நாள் க்யூ வீட்டில் கல்யாணம். க்யூ பெரிய பணக்காரர். எப்போதாவது ஒரு சொல்லில் தலையைக் காட்டுவார், அதற்கும் பக்கத்தில் யூ கைத்தடி மாதிரி வர வேண்டும். அன்று பந்தியில் ஈக்குக் கடைசி இலை. பக்கத்து இலையில் க்யூவே வந்து உட்கார்ந்தார்.

"உங்க குரலைக் கேட்டா உடம்பு சிலிர்க்குது தம்பி," என்றார் க்யூ. "நம்ம சின்னப் பொண்ணுக்கும் இடம் பாத்துக்கிட்டு இருக்கோம். உங்க வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?"

ஈ குளிர்ந்துபோனான். பதில் சொல்ல வாயெடுத்தான். அந்த நேரம் பார்த்துச் சமையல்கட்டிலிருந்து ஏ வந்தான். வேட்டியெல்லாம் கரி. புகையில் கண் சிவந்து கிடந்தது. விடிந்ததிலிருந்து அண்டா அண்டாவாகச் சோறு வடித்தவனுக்குப் பசியில் காது அடைத்தது. வரிசையில் ஓர் இலை காலியாக இருந்தது. கடைசி இலையில் தம்பி இருந்தான். ஏக்கு முகம் மலர்ந்துவிட்டது. தம்பி கூப்பிடுவான் என்று சிரித்துக்கொண்டே நின்றான்.

க்யூ மூக்கைச் சுளித்தார். "யாருங்க இது? உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"தெரியலைங்களே," என்றான் ஈ. "யாரோ சமையல்காரர் போல."

பாழாய்ப்போன குரல், பந்தி முழுக்கக் கேட்டது. ஏ சண்டை போடவில்லை. "இடம் தெரியாம வந்துட்டேன், மன்னிச்சுக்குங்க," என்று கைகூப்பிவிட்டு வெறும் வயிற்றோடு வெளியே போனான்.

ஓ அக்கா சோற்றுக் கரண்டியோடு தம்பி இலைக்கு எதிரே வந்து நின்றாள்.

"அண்ணன் வடிச்ச சோத்தைத்தான்டா உனக்குப் போடுறேன்," என்றாள். "தின்னு. நல்லா தின்னு."

போட்டுவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டாள். ஈ ஒரு வாய் எடுத்து வைத்தான். அவமானத்தில் காது இரண்டும் சுட்டன. ஓடிப்போய் அண்ணனைக் கூட்டி வந்திருக்கலாம். க்யூ பக்கத்தில் இருந்தாரே, அதனால் போகவில்லை.

மறுநாள் காலை ஒருவர் வந்து, சாப்பிடுகிற தட்டுக்குப் பிளேட் என்ற சொல்லைக் கேட்டார். பி, எல், ஏ, டி, ஈ என்று ஐந்து பேர் நின்றார்கள். பியும் எல்லும் குரல் கொடுத்தார்கள். அடுத்தது ஏயின் முறை. தன் பேரைச் சொல்ல வேண்டிய இடம். அவன் வாயைத் திறந்தான். "ஆ" என்றுதான் வந்தது. அடிபட்டவன் முனகுகிற மாதிரி ஒரு "ஆ". மறுபடி முயன்றான். மறுபடியும் அதே "ஆ". வேடிக்கை பார்க்க நின்ற கூட்டம் சிரித்தது. க்யூவும் அங்கேதான் நின்றார்.

"என்னண்ணே, உங்க பேரே உங்களுக்கு மறந்துபோச்சா?" என்றான் டி.

"நேத்திலேருந்து சொல்ல வரலப்பா," என்றான் ஏ. "சொல்லப்போனா நெஞ்சை அடைக்குது."

"அப்ப ஆளை மாத்துங்க. இனிமே இவரு எந்த வரிசைக்கும் ஆக மாட்டாரு," என்று மற்றவர்களிடம் சொன்னான் டி.

ஐயோ என்றது ஈக்கு. கடைசி இடத்திலிருந்து ஓடிவந்து அண்ணன் காலில் விழுந்தான். எழுந்து கூட்டத்தைப் பார்த்தான், க்யூவையும் பார்த்தான்.

"இவரு என் அண்ணன். பேரு ஏ. இந்த வாயாலதான் நேத்து தெரியாதுன்னு சொன்னேன். வெக்கமா இருக்கு. அண்ணன் நிக்கிற வரிசையில இனிமே இந்த வாய் திறக்காது."

க்யூ யூவை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஈ திரும்பிப் போய்க் கடைசி இடத்தில் தலையைக் குனிந்து நின்றான். மறுபடி வரிசை தொடங்கியது. பி குரல் கொடுத்தான், எல் கொடுத்தான். ஏ ஒரு தடவை தம்பியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு "ஏ" என்றான், முழுக் குரலில். டியும் முடித்தான். எல்லோரும் ஈக்காகக் காத்திருந்தார்கள்.

"சொல்லுடா தம்பி, உன் முறை," என்றான் ஏ. "நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல. சொல்லுடா."

ஈயின் உதடு அசையவில்லை. கேட்டு வந்தவர் பொறுத்துப் பார்த்தார். "பிளேட். போதும், இதுவே நல்லாத்தான் இருக்கு," என்று ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு போனார்.

மீ, ஹீ, ஷீ என்னும்போது ஈ பேசுகிறானே என்று மடக்க வராதீர்கள். அங்கே அண்ணன் இல்லை, அவன் பேசித்தான் ஆக வேண்டும். தம்பி பக்கத்தில் இல்லாமல் நிற்கிற கார், பார், ஸ்டார் எல்லாவற்றிலும் ஏ இன்றைக்கும் அந்த "ஆ"வைத்தான் முனகுகிறான். அதே காரின் பின்னால் ஈ வந்து நிற்கட்டும், ஏயின் பேர் திரும்பிவிடும், கேர் என்று. அண்ணன் அன்றைக்கே மன்னித்துவிட்டான். தம்பிக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

பிளேட், சிலேட், கிரேப் என்று எத்தனை ஐந்தெழுத்து வரிசைகளில் நிறுத்தினாலும் ஈ கடைசியில் சத்தமே இல்லாமல் நிற்பது அந்தக் காலையிலிருந்துதான். வெட்கத்துக்கு இங்கிலீஷில் ஷேம் என்று எழுதிப் பாருங்கள். நடுவில் அண்ணன் தன் பேரைச் சொல்லிக்கொண்டு நிற்பான், கடைசியில் தம்பி வாயை மூடிக்கொண்டு நிற்பான்.