கைமேல் ஒரு தூக்கம்

டாக்டர் அருள்செல்வியிடம் எலும்பு வைத்தியம் படித்துக்கொண்டிருந்த ஜெபராஜ், புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவன். அவனிடம் இருந்த தொந்தரவே அதுதான்.

அன்று காலை பரோட்டா மாஸ்டர் சுடலைமுத்து வந்தார். வலது மணிக்கட்டு தொங்கிப்போயிருந்தது. தூக்கச் சொன்னால் ஒரு விரல்கூட நிமிரவில்லை. மனைவி பேச்சியம்மாள் காய்ச்சல்காரக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"நல்லாப் போட்டுட்டுக் கைமேலயே விழுந்து தூங்கியிருக்காரு, மேடம்," என்று பொரிந்தான் ஜெபராஜ். "மேல்கை எலும்புக்குப் பின்னால ஒரு பள்ளம். அதுல நரம்பு எலும்போட ஒட்டி ஓடுது. ரொம்ப நேரம் அழுந்தினா கை விழுந்துரும்."

சீட்டிலும் 'காரணம்: குடி' என்று எழுதிவிட்டான், மகராசன்.

பேச்சியம்மாளின் முகம் சுண்டிப்போயிற்று. "புள்ள தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனீங்களே! போதும். நான் எங்கம்மா வீட்டுக்கே போறேன்."

"தொடவே இல்லட்டி," என்றார் சுடலைமுத்து. யார் நம்புவார்கள்? பழைய பெயர் அப்படி.

டாக்டரம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ராத்திரி பாப்பா எங்க படுத்திருந்தா?"

"இந்தக் கைமேலதாம்மா. மூணு நாளாக் காய்ச்சல். நேத்துத்தான் கண்ணசந்தா," என்றார் சுடலைமுத்து.

பேச்சியம்மாள் கணவனின் பக்கமாக நகர்ந்து நின்றாள். ஜெபராஜுக்கு மட்டும் ஆறவில்லை.

"மரத்துப்போகும்போதே கையை உருவியிருக்கலாமே, மேடம்?"

"நல்ல கேள்வி. இப்படி உக்காரு, ராசா."

பெஞ்சின் சாய்வுக் கட்டைமேல் அவன் இடது கையை நீட்டி வைத்தார். குழந்தையை வாங்கி அவன் மடியில் உட்காரவைத்து, தலையை அந்தக் கைமேல் சாய்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

குழந்தை கொஞ்சம் சிணுங்கியது. பிறகு அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனது.

அரை மணி நேரம் கழித்து, சுடலைமுத்துவின் மணிக்கட்டுக்கு அணை வைத்துக் கட்டி அழைத்து வந்தார் டாக்டரம்மா. "மூணு மாசத்துல பழையபடி மாவு வீசலாம்," என்றதும் பேச்சியம்மாள் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"உன் கை எப்படிடா இருக்கு?"

"மரத்துப்போச்சு, மேடம்."

"உருவ வேண்டியதுதானே?"

"மெதுவா, மேடம்! இப்பத்தான் தூங்குது."

சொன்ன பிறகுதான் தன் பேச்சு அவன் காதிலேயே விழுந்தது.

டாக்டரம்மா சீட்டையும் பேனாவையும் அவன் பக்கம் நகர்த்தினார்.

"குடின்னு எழுதினதை அடி. இப்ப சொன்னியே, அதை எழுது."