கீரைக் கூடையில் கன்னிமார் பாசி

கரட்டுக் காட்டின் அடிவாரத்தில், குட்டையோரப் புதரில் பூவாத்தா என்ற முயல் குடியிருந்தாள். புருஷன் பெயர் ராக்கியப்பன். பிள்ளைகள் மூன்று. குட்டைக் கரையில் விளையும் பொன்னாங்கண்ணிக் கீரையைப் பறித்து, ஆற்றுக்கு அப்பால் கூடும் செவ்வாய்ச் சந்தையில் விற்பது அவள் தொழில்.

செவ்வாய்க்கிழமை வந்தால் பூவாத்தாளின் நாலு காலும் தரையில் நிற்காது. கிழக்கு வெளுத்ததுமே கீரை பறிக்க வேண்டும். பிள்ளைகளை எழுப்பிக் கூடவே கிளப்ப வேண்டும். வழியில் சுனையோரம் இருக்கும் கன்னிமார் கற்கள் ஏழையும் தேய்த்துக் கழுவி, தண்ணீர் ஊற்றிக் கும்பிட வேண்டும். அது அவள் பிறந்த வீட்டுச் சாமி. கல்லில் தேய்த்தெடுத்த பாசியைக் கீழே போட்டால் யாராவது மிதித்துவிடுவார்களே! அதனால் சொட்டச் சொட்ட அள்ளிக் கீரைக்கு மேல் வைத்துக்கொள்வாள். சந்தை முடிந்து வீடு திரும்பியதும் குட்டையில் விட்டுவிடுவாள். சுனையிலிருந்து நடந்து, ஆற்றைக் கடந்து, மேடு ஏறி, சந்தைக்குப் போய்ச் சேருவதற்குள் நாக்குத் தள்ளிவிடும்.

சந்தையில் நிழல் என்றால் ஒரே ஓர் இலுப்பை மரம்தான். அதன் அடியில் பூவாத்தாளின் இடம். ஆனால் அந்தச் சந்தைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வெயில் இலுப்பையின் அடிமரத்தைத் தொட்டதும் மணியக்காரரான காட்டெருமை தன் குளம்பால் மூன்று முறை தரையைத் தட்டுவார். அதற்குள் சரக்கை விரித்திருக்க வேண்டும். வாடிய சரக்குச் சரக்கே இல்லை. தொடர்ந்து மூன்று சந்தை தவறினால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

பக்கத்திலேயே சுட்டெரிக்கும் வெயிலில் நண்டு விற்றான் நல்லான் என்ற நரி. பெயரில் மட்டும்தான் நல்லவன். அவன் நண்டு நாறுகிற நாற்றம் அடுத்த மலைவரைக்கும் போகும். அந்த இலுப்பை நிழல்மேல் அவனுக்கு நெடுநாளாக ஒரு கண்.

ஒரு செவ்வாய்க்கிழமை ராக்கியப்பனின் காலில் முள் தைத்துவிட்டது. பூவாத்தாளால் சந்தைக்குப் போக முடியவில்லை. மறுநாளே நல்லான் புதர் வாசலில் வந்து நின்றான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்!

"ஏம்மிணி பூவாத்தா! உன்னைப் பாத்தா என்ற நெஞ்சே பதறுது! வீடு, சாமி, யாவாரம், பயணம்னு நாலையும் ஒருத்தி சுமந்தா ஒடம்பு என்னத்துக்காகும்?"

"என்ன பண்றதுங்க? நாலும் வேணுமே!"

"ஒண்ணையாச்சும் எறக்கி வையி! சாமி எங்கீம் ஓடிப்போகாது. சுனைக்குப் போறத நிறுத்திட்டு நேரா ஆத்துக்கு நடந்து பாரு. எல்லாருக்கும் முன்னால போய் நிப்ப!"

பூவாத்தாளுக்கு அது நியாயமாகவே பட்டது. அசந்து போயிருப்பவளுக்கு யார் சொன்னாலும் நியாயம்தான்! அடுத்த செவ்வாய்க்கிழமை கன்னிமார் பக்கம் தலைவைத்தும் பார்க்காமல் நேரே நடந்தாள். உண்மையிலேயே எல்லாருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தாள். பெருமையோடு கூடையைத் திறந்தாள்.

கீரை துவண்டு கிடந்தது! சித்திரை வெயில் அதை வழியிலேயே வாட்டிவிட்டது.

"இதை விரிக்க முடியாது, பூவாத்தா," என்றார் மணியக்காரர். அவருக்கும் வருத்தம்தான். "ரெண்டு சந்தை ஆச்சு. அடுத்ததும் தவறினா என்ற கையில ஒண்ணுமில்ல."

பூவாத்தா அழுதுகொண்டே திரும்பினாள். அந்த இடம் போனால் வெயிலில்தான் உட்கார வேண்டும். வெயிலில் கீரை ஒரு நாழிகை தாங்காது. கீரை இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குச் சோறு ஏது?

சுனையருகே வந்தபோது கால் தானாக நின்றது. இரண்டே வாரத்தில் ஏழு கல்லிலும் பாசி மண்டிக் கிடந்தது. "தாய்மாரே, உங்களை மறந்துட்டேனே!" என்று சொல்லிச் சொல்லித் தேய்த்தாள். வழக்கம்போலப் பாசியை அள்ளி, வாடிய கீரையின்மேல் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

புதருக்கு வந்து கூடையை இறக்கியபோது கடைக்குட்டி தங்காயி எட்டிப் பார்த்தாள்.

"அம்மா! கீரை எந்திரிச்சு நிக்குது!"

ஆமாம்! துவண்ட தண்டெல்லாம் நிமிர்ந்து நின்றன. மேலே வைத்த பாசியின் ஈரம் இலைகளில் மின்னியது. இத்தனை நாளும் தன் கீரை வாடாமல் இருந்தது கைராசி என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்!

ராக்கியப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏம்புள்ள! அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையா, நரியை நம்பிச் சாமியைக் கைவிட்டியே!"

"சிரிங்க, சிரிங்க!" என்றாள் பூவாத்தா. ஆனால் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "இனி எதையும் எறக்கறதா இல்லீங்க. நாலும் ஒண்ணாத்தான் போகும்!"

திங்கட்கிழமை நல்லான் மறுபடியும் வந்தான். "அடடா, போன வாரம் இப்படி ஆகிப்போச்சே! இந்தத் தடவை புள்ளைங்கள வீட்டுல உட்டுட்டுப் போ அம்மிணி. அதுங்கதான் உன்ற காலைக் கட்டுது!"

"நீங்க சொன்னபடி ஒரு தடவை செஞ்சு பாத்தாச்சுங்க. அதுவே போதுங்க!" என்றாள் பூவாத்தா, சிரித்த முகத்தோடு.

நரிக்கு வயிறு எரிந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் முதல் ஆளாகப் போய் இலுப்பை அடியில் நண்டைப் பரப்பினான். பரப்பியவன் அங்கேயே இருந்திருக்கலாம். இருப்புக் கொள்ளவில்லை! வந்த வழியே திரும்பி ஓடினான்.

அந்த நேரத்தில் பூவாத்தா கன்னிமாரைக் கும்பிட்டுவிட்டு, பாசியும் கீரையுமாகக் கூடையைச் சுமந்து வந்துகொண்டிருந்தாள். கால் ஆறிவிட்ட ராக்கியப்பனும் பிள்ளைகளும் பின்னால் வந்தார்கள். இன்னும் ஒரு வளைவு திரும்பினால் ஆறு தெரியும். நல்லான் எதிரே வந்து விழுந்தான்.

"ஐயோ, போகாதீங்க! ஆத்துல வெள்ளம்! கழுத்து முட்டத் தண்ணி! நானே நீந்தித்தான் உசுரு தப்பிச்சு வாறேன்! மலையைச் சுத்திப் போயிருங்க!"

பூவாத்தா திகைத்து நின்றாள். மலையைச் சுற்றினால் உச்சிப்பொழுதாகிவிடும். இடம் போய்விடும். ஆனால் பிள்ளைகளை வெள்ளத்தில் இறக்க முடியுமா? கண்ணில் நீர் முட்டியது.

"எடம் போனாப் போகுதுங்க," என்றாள் புருஷனிடம். "புள்ளைங்கள விடவா அது பெருசு? திரும்புங்க!"

எல்லாரும் திரும்பினார்கள். தங்காயி மட்டும் நகரவில்லை. நரியின் காலையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாமா! கழுத்து முட்டத் தண்ணின்னு சொன்னீங்களே, உங்க வகுறே நனையலையே! முட்டிக்குக் கீழதானே ஈரமா இருக்குது?"

நல்லான் குனிந்து தன் காலைப் பார்த்தான். "அது வந்து... வெயில்ல காஞ்சிருச்சு கண்ணு!"

"மேல இருக்கறது காஞ்சிருச்சு, கீழ இருக்கறது மட்டும் காயலையா மாமா?"

நல்லான் மெல்ல வழியைவிட்டு ஒதுங்கினான். "காலைக் கட்டற புள்ளைன்னு சொன்னீங்களே, இதுதானுங்க அது!" என்றாள் பூவாத்தா. பிறகு என்ன? முயல் குடும்பம் முழுதும் எடுத்தது ஓட்டம்! ஆற்றில் தண்ணீர் சலசலவென்று முழங்காலளவுதான் ஓடிக்கொண்டிருந்தது. நல்லானும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

அவர்கள் சந்தைக்குள் நுழைந்தபோது வெயில் இலுப்பையின் வேர்வரைக்கும் வந்துவிட்டது. மணியக்காரர் குளம்பைத் தூக்கிவிட்டார். இலுப்பை அடியில் நண்டு எதையும் காணோம். காவலில்லாத கடையைக் கண்டால் பருந்து விடுமா? நாலைந்து கொடுக்குகள் மட்டும் சிதறிக் கிடந்தன.

பூவாத்தா அவற்றைத் தள்ளிவிட்டுக் கூடையைக் கவிழ்த்தாள். பொன்னாங்கண்ணி பச்சைப் பசேல் என்று விரிந்தது!

டொக்! டொக்! டொக்!

மணியக்காரர் குனிந்து முகர்ந்தார். ஒரு தண்டைக் கடித்தார். பிறகு கொம்பை நிமிர்த்திச் சந்தைக்கே கேட்கும்படி சொன்னார்: "எடம் பூவாத்தாளுக்குத்தான்! நல்லா, உன்ற சரக்கு எங்கப்பா?"

நல்லான் கொடுக்குகளைப் பார்த்தான். மேலே வட்டமிட்ட பருந்தைப் பார்த்தான். சந்தையே சிரித்தது.

"கீரை! கன்னிமார் கீரை! வாங்க, வாங்க!" என்று தங்காயி கூவினாள். மானும் மந்தியும் முண்டியடித்துக்கொண்டு வந்தன. நண்டு விற்கிறவனுக்குக்கூட மூச்சு வாங்க நிழலில் கொஞ்சம் இடம் விட்டாள் பூவாத்தா. அன்றைக்குக் கூடையில் மிஞ்சியது பாசி மட்டும்தான்.

குடும்பத்தையும் சாமியையும் சுமை என்று இறக்கி வைத்தால் தொழில் பாதி வழியிலேயே வாடிவிடும். துணை என்று கூட்டிக்கொண்டு நடந்தால் எந்தச் சந்தையிலும் நமக்கு நிழல் உண்டு.