ஓடைக்கரையில் நீலப் பட்டை

நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போட்டுப் பழகிய கை ஆவுடையப்பனுக்கு. ஓய்வு பெற்ற பிறகு, தன்னைவிட இருபது வயது இளையவளான செசிலியிடம் ஓவியம் படிக்க வந்து சேர்ந்தார். பூச்சியினப் புத்தகங்களுக்குப் படம் வரைவதுதான் அவளுடைய தொழில். வீடு மலையடிவாரத்தில்.

முதல் நாள் அவள் கண்ணாடிப் பெட்டி ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். உள்ளே ஊசி குத்திய வண்ணத்துப்பூச்சி. கருஞ்சிறகின் குறுக்கே நீலப் பட்டை.

"இதை வரைங்க ஐயா."

வரைந்தார். பல நாள் வரைந்தார். சிறகின் நரம்புகூட ஒன்று தவறவில்லை.

செசிலி படத்தைப் பார்த்தாள். "அளவு சரி. நிறமும் சரி. பூச்சிதான் செத்துக் கிடக்கு."

"பெட்டியில இருக்கிறதும் செத்ததுதானே, டீச்சர்?"

"முன்சிறகை இப்படி மேலே இழுத்து, நேர்கோடா விரிச்சுக்கிட்டு உயிரோட எந்தப் பூச்சியும் உக்காராது. செத்த பிறகு நாம இழுத்து வைக்கிறது இது."

"புத்தகத்துல எல்லாம் இப்படித்தானே இருக்கு?"

"இது இன்ன பூச்சின்னு சொல்ல அது போதும்."

ஆவுடையப்பன் பென்சிலைக் கீழே வைத்தார்.

"எனக்கு ஒரு மக இருந்தா. எழிலின்னு பேரு. காய்ச்சல்ல போயிட்டா. ஆஸ்பத்திரியில துணியை விலக்கிக் காட்டினாங்க. அவ முகத்தை வரையணும்னுதான் உங்ககிட்ட வந்தேன். எப்ப வரைஞ்சாலும் கண்ணு மூடின அந்த முகம்தான் வருது."

"போட்டோ இல்லையா?"

"இருக்கு. அதைப் பார்த்துக்கிட்டே வரையறேன். கை அங்கதான் போகுது."

செசிலி எழுந்து செருப்பை மாட்டினாள்.

"வாங்க. காகிதம் வேண்டாம்."

ஓடைக்கரையில் ஈரமணல். அதே நீலப் பட்டைப் பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்து நீர் உறிஞ்சிக்கொண்டிருந்தன. சிறகுகளை முதுகுக்கு மேல் சேர்த்து வைத்திருந்தன. நேரே பார்த்தால் ஒவ்வொன்றும் வெறும் கோடு. காற்று வந்தால் கோடு சாய்ந்தது. சில சிறகுகள் நடுங்கிக்கொண்டே இருந்தன. குடித்த நீர் அவற்றின் வால்புறமாகத் துளித்துளியாய்ச் சொட்டியது.

ஒரு பறவை பாய்ந்தது. எல்லாம் கலைந்தன. கொஞ்ச நேரத்தில் ஒன்று மட்டும் திரும்பி வந்தது. பின்சிறகில் பாதி இல்லை. மணலில் காலூன்றி, சுருண்ட வாய்க்குழலை நீட்டி, மறுபடி குடிக்க ஆரம்பித்தது.

ஆவுடையப்பன் குனிந்து பார்த்தார். வெயில் சாயும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள்.

மறுநாள் அவர் கொண்டுவந்த படத்தில் நீலம் கொஞ்சம்தான் தெரிந்தது. கிழிந்த சிறகு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மணலைத் துழாவும் குழல் இருந்தது. செசிலி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, தன் படங்களோடு சேர்த்து வைத்தாள்.

அவர் நகரவில்லை.

"பூச்சியை ஓடையில போய்ப் பார்த்துட்டேன் டீச்சர். எழிலியை எங்க போய்ப் பார்ப்பேன்?"

செசிலி தூரிகையைக் கீழே வைத்தாள்.

"கோபம் வந்தா அவ என்ன செய்வா?"

அவர் யோசித்தார். உதடு லேசாக அசைந்தது. "பேச மாட்டா. நேரா அடுக்களைக்குப் போய், கழுவின பாத்திரத்தையே மறுபடி எடுத்துப் போட்டுக் கழுவுவா. தெருவுக்கே கேக்கும்."

"அதை வரைங்க."

"அப்ப முகத்தைக் காட்ட மாட்டாளே. நான் கூப்பிடக் கூப்பிட, முதுகைத்தான் காட்டிக்கிட்டு நிப்பா."

"முதுகை வரைங்க ஐயா."