பேஸ் ஓய்ந்த நேரம்

கிட்ட வந்து உட்காருங்க. பேஸ் கிட்டார்க்காரி கதை இது, தூரத்திலிருந்து கேட்டால் ஒன்றும் பிடிபடாது.

நாகர்கோவிலில் ஒரு ராக் குழு. அதில் ஜெபசீலி பேஸ் வாசித்தாள்; பாட்டுக்கு அடியில் ஓடுகிற கனத்த நாதம் அது. மேடையில் வெளிச்சம் படாத மூலைதான் அவளுக்கு. கச்சேரி முடிந்தால் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாகப் பஸ் ஏறுவாள். "நல்லா இருந்துச்சு" என்று அவளிடம் ஒரு ஜீவனும் சொன்னதில்லை. ஆனாலும் அந்தக் குழுவை விட்டால் அவளுக்கு வேறு ஆள் துணை கிடையாது.

தலைவன் பிரதீஷ் லீட் கிட்டார். ஒரு கல்லூரி விழாவில், மேடை ஏறுமுன் அவளைப் பிடித்துக்கொண்டான்.

"நீ சுத்தமா வாசிச்சா கேக்கவே மாட்டேங்கு. டிஸ்டார்ஷன் பெடலை மிதிச்சு கரகரன்னு வாசிச்சா, அதையும் என் கிட்டார்னுதான் நினைக்காங்க. இன்னைக்கு ஒருத்தராவது உன்னைத் திரும்பிப் பாக்கணும். இல்லைன்னா நாளைக்கு வரண்டாம்."

"சரிண்ணே."

முதல் பாட்டைச் சுத்தமாக வாசித்தாள். யாரும் பார்க்கவில்லை. அடுத்ததைக் கரகரவென்று வாசித்தாள். அதற்கு எழுந்த கைத்தட்டலையும் பிரதீஷே குனிந்து வாங்கிக்கொண்டான்.

அதற்கடுத்த பாட்டு உச்சத்துக்குப் போனபோது, கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

பாட்டுக்கு அடியில் தரையே இல்லாமல் போச்சு. பிரதீஷின் கிட்டார் டப்பாவுக்குள் மாட்டின வண்டு மாதிரி ஙொய்யென்றது. ஆடின பிள்ளைகள் அப்படியே நின்று, மொத்தக் கூட்டமும் அந்த மூலையைத் திரும்பிப் பார்த்தது.

"வாசி பிள்ளே, மானம் போகுது!" என்று பல்லைக் கடித்தான் பிரதீஷ்.

ஜெபசீலி மைக்கைப் பக்கத்தில் இழுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி நிதானமாகக் கேட்டாள்: "சுத்தமா வாசிக்கவா, கரகரன்னு வாசிக்கவா, அண்ணே?"