பாட்டில் கழுவிய செல்லக்கனி

எங்கள் ஆய்வகத்தில் பாட்டில் கழுவும் செல்லக்கனி அக்காமேல் அநியாயமாகப் பழி போட்டார்கள். மொட்டைக்கரடு என்ற ஊரின் குடிநீரில் ஃப்ளோரைடு அளவுக்கு மீறி இருந்தது. ஊர்க்குழாயை மூட வேண்டியதுதானே? இல்லையாம்! “தண்ணி சுத்தம். இவதான் பாட்டிலைச் சரியாக் கழுவல, வேலையை விட்டுத் தூக்குங்க” என்றார் இயக்குநர்.

மறுநாள் அக்கா ஊர்த் தண்ணீரோடு, பெயரெழுதாத இன்னொரு பாட்டிலையும் சோதனைக்கு வைத்தார். ஊர்த் தண்ணீரில் பழையபடியே ஃப்ளோரைடு அதிகம்; பெயரெழுதாததில் மருந்துக்கும் இல்லை.

அதுவும் ஊர்த் தண்ணீர்தான் என்று நினைத்த இயக்குநர், இதை விசாரிக்க வந்த அதிகாரிகள் முன் அந்தப் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். “பாத்தீங்களா? கழுவத் தெரிஞ்சவங்க கழுவினா இப்படித்தான் வரும்! யாரும்மா கழுவினது?”

“நான்தான் சார். ரெண்டையும் ஒரே வாளியிலதான் கழுவினேன். இது உங்க ரூம் கேன் தண்ணி. அது அந்த ஊர்ப் பிள்ளைங்க குடிக்கிற தண்ணி.”